இயந்திர இருதயமும் மனித சுதந்திரமும்

ஒருவன் தன் வாழ்க்கையைத் தானே நடத்தத் தலைப்பட்டுவிட்டான் என்பதைக் கூற, ‘சொந்தக் காலில் நிற்கிறான்’ என்கிறோம். அதற்கு இயலாதவனைப் ‘பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவன்’ என்கிறோம். நம்மை அறியாமலே நமது பேச்சு சுதந்திரத்தைக் காலாலும் கையாலும் அளந்து வைத்திருக்கிறது. காலும் கையும் தளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகோலில் இடமில்லை. அவர்கள் பிறர்க்குப் பாரம் என்று நாம் சொல்வதற்கு முன்னரே அவர்கள் தம்மைத் தாமே அவ்வாறு சொல்லிக் கொள்கிறார்கள். இவ்வளவுகோல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, மருத்துவ விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் ஆக்கித் தந்துள்ள ஒரு புதிய மனித நிலைமை நமக்குப் பெரிதும் உதவும். நெஞ்சினுள் ஒரு பம்பியைத் தாங்கி வாழும் நோயாளியின் நிலைமையையே குறிப்பிடுகிறேன்.

இருதயத்தின் இடது கீழறை, குருதியை உடலெங்கும் தள்ளும் வலுவை இழந்தவர்களுக்கு இப்பம்பி பொருத்தப்படுகிறது. பழுதுற்ற இருதயத்தை அது அகற்றுவதில்லை. அதன் நுனியில் பற்றிக்கொண்டு, கீழறையிலிருந்து குருதியை உறிஞ்சிப் பெருநாடிக்குள் செலுத்துகிறது. பம்பி உடலுக்குள் இருக்கிறது. அதனை இயக்கும் மின்சாரமோ உடலுக்கு வெளியே இருக்கிறது. வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் ஒரு வடம், இடுப்பிலே தாங்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து இரு இணைப்புகள் இரு பற்றரிகளுக்குச் செல்கின்றன. இப்போது பெருவழக்கிலுள்ள ஹார்ட்மேற் 3 என்னும் பம்பியை, முழுமையாக மின்னேற்றிய ஒரு சோடிப் பற்றரி 17 மணி நேரம் வரை இயக்கும். குருதி ஓயாது ஒழுகுவதால், இவர்களிற் பலரது மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி தென்படுவதில்லை. நாடி பார்த்து உயிரை அறிந்த மரபிலே வந்த நமக்கு இது விந்தையாகவே தோன்றும்.

இத்துறையின் வரலாற்றை விரித்துரைக்க இது இடமன்று. 1966ஆம் ஆண்டு ஹூஸ்ரன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்னும் சத்திர சிகிச்சை நிபுணர், மெக்சிக்கோ நாட்டுப் பெண்ணொருத்தியின் இருதயத்துக்குப் பத்து நாட்கள் பம்பியால் ஓய்வளித்து அவளைப் பிழைக்கச் செய்தார். ஆயின் நமது வினாவுக்கு அதனினும் முக்கியமானது 1982 டிசெம்பரில் யூற்றா பல்கலைக்கழகத்தில் நடந்த நிகழ்ச்சி. பார்னி கிளார்க் என்னும் பல் வைத்தியருக்கு, அவரது இருதயத்தின் கீழறைகளை அகற்றிவிட்டு, முழுச் செயற்கை இருதயம் பொருத்தப்பட்டது. அதை இயக்கிய காற்றழுத்தப் பொறி ஏறத்தாழ 400 இறாத்தல் எடையுள்ளது. அப்பொறியுடன் பிணைக்கப்பட்டு அவர் 112 நாட்கள் வாழ்ந்தார். வாழ்வு சகிக்க முடியாததாகிவிட்டால் இயந்திரத்தை நிறுத்திக் கொள்ளுமாறு அவரிடம் ஒரு திறப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை ஒப்படைத்தவர்கள் மனித கண்ணியத்தை மதித்தே அவ்வாறு செய்தனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்திறப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது: வாழ்வை முடித்துக் கொள்ளும் உரிமை அவர் கையில் இருந்தது, அப்பொறியை விட்டு விலகி நடக்கும் உரிமை இருக்கவில்லை. சாவதற்கு மட்டும் சுதந்திரமுள்ள ஒருவனைச் சுதந்திர மனிதன் என்று கூற நா எழுமா?

அதன்பின் பொறி சிறுத்தது. மாற்றிருதயம் பெறத் தகுதியற்றோர் எனக் கழிக்கப்பட்ட 129 பேரைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வில், பம்பி பெற்றோருள் 52 சதவீதத்தினர் ஓராண்டைக் கடந்தனர். மருந்தை மட்டும் பெற்றோருள் கடந்தவர்கள் 25 சதவீதத்தினரே. ஹார்ட்மேற் 3 பற்றிய பிந்திய ஆய்விலோ நூற்றுக்கு 58 பேர் ஐந்தாண்டைக் கடந்துள்ளனர். பம்பி சில நாட்களுக்கான முட்டுக்கட்டை என்ற நிலை மாறி, ஆயுட்காலத் துணையாகிவிட்டது. எனவே ‘உயிர் பிழைப்பாரா?’ என்ற வினாவுடன் ‘எவ்வாறு வாழ்வார்?’ என்ற வினாவும் எழுந்தது.

இவ்வினாவுக்குப் பத்திரிகைகள் உவந்து தரும் விடை ஒன்றுண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த பீற்றர் ஹௌற்றன் என்பவருக்கு 2000 யூனில் ஒக்ஸ்போர்ட்டில் பம்பி பொருத்தப்பட்டது. மரணத்தின் விளிம்பில் நின்ற அவர் அதன்பின் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், நெடுந்தூரத் தொண்டு நடைப்பயணம் சென்றார், நாடுகள் பல கண்டார், நூல்கள் எழுதினார். 2007 நவம்பரில் இறந்தார். போற்றத்தக்க மனிதரே. ஆனால் இத்தகைய வீரக் கதைகள் ஒரு தீங்கையும் செய்கின்றன. பம்பி நோயாளியின் வெற்றி என்பது மலையேறுவதும் மைல் கணக்கில் நடப்பதுமே என்ற எண்ணத்தை அவை நிலைநாட்டிவிடுகின்றன. பம்பி பெற்ற பின்னும் நடக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.

அவர்கள் யார்? நீண்ட நோயினால் தசை கரைந்து, பம்பி கிடைக்கும்போது எழுந்து நிற்கவும் வலுவற்றவர்கள் சிலர். நீரிழிவினால் காலை இழந்தவர்கள் சிலர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியவர்கள் சிலர். பம்பியே முடமாக்கியவர்களும் உளர். பம்பிக்குள் குருதி உறையக்கூடும் என்பதால் அவர்கள் வார்பரின் போன்ற மருந்தை உண்டே வாழ வேண்டும். உறைந்த குருதி மூளைக் குழாயை அடைத்தாலும், உறையாத குருதி மூளையில் கசிந்தாலும் பாரிசவாதம் வரும். புதிய பம்பியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இரண்டாண்டுக்குள் இது நேர்ந்துள்ளது. இருதயத்தை மீட்டுத் தந்த கருவியே கையொன்றைப் பறித்துக் கொள்கிறது.

ஒற்றைக் கையுடைய ஒருவரின் ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். காலையில் அவர் சுவர் மின்சாரத்திலிருந்து பற்றரிக்கு மாறவேண்டும். இணைப்புகள் இரண்டு, ஒன்றைக் கழற்றி, பற்றரியில் மாட்டி, அது சரியாகப் பிடித்துக் கொண்டதை உறுதி செய்த பின்னரே மற்றதைத் தொடலாம், இரண்டையும் ஒருங்கே கழற்றுவது உயிராபத்து. பற்றரியையும் அதன் பிடிப்பானையும் அடையாளக் கோடுகள் நேர்படப் பொருத்தி அழுத்த வேண்டும். இரு கைகளும் தெளிந்த கண்ணும் உள்ளவனுக்கு இது ஒரு நிமிட வேலை. ஒற்றைக் கையனுக்கு இது ஒவ்வொரு நாளும் கடக்க வேண்டிய ஆற்றுப்பாலம். வடம் வெளிவரும் வயிற்றுத் துளையைக் கிருமியணுகாது கழுவிக் கட்ட வேண்டும். தன் வயிற்றையே குனிந்து பார்க்க முடியாதவர் அதை எங்ஙனம் செய்வார்? குளம், தொட்டி, கடல் எதிலும் அவர் அமிழக்கூடாது. மருத்துவர் இசைந்த பின் கருவிகளை நீர்புகாப் பையிலிட்டு மேலால் நீர் விட்டுக் குளிக்கலாம். ஆனால் சமநிலை தளர்ந்தவர் ஈரத்தரையில் அப்பையையும் தூக்கி நிற்பது எவ்வாறு? இரவில் பற்றரியை நம்பி உறங்கக்கூடாது. சுவர் மின்சாரத்தோடு தம்மைப் பிணைத்துக்கொண்டே உறங்க வேண்டும். நடுநிசியில் சிறுநீர் முட்டினால் வடத்தை இழுத்துக்கொண்டு நடப்பதா, இருளிலே பற்றரி மாற்றுவதா என்பது அவர் தீர்க்க வேண்டிய பிரச்சினை. சக்கர நாற்காலியில் இருப்பவராயின் சில்லிலே வடம் சிக்கும் அச்சம் வேறு. வடம் இழுபட்டால் துளை கிழியும். கிழிந்த துளையிற் கிருமி புகும்.

இவற்றுள் பலவற்றுக்கு எளிய பரிகாரங்கள் உண்டு. கருவியைக் கட்டிக்கொள்ளும் அங்கியை ஒற்றைக் கையால் பூட்டத்தக்கதாய்த் தைக்கலாம். இணைப்புகளைத் தடவி அறியும்படி அடையாளமிடலாம். குளியலறையில் நாற்காலியும் கைபிடியும் அமைக்கலாம். பற்றரியை நாற்காலியின் ஓரத்திலே தொங்கவிட்டு, வடத்தை மடிமேலாகக் கொண்டுவரலாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் எனப்படுவோர் நோயாளியின் அருகமர்ந்து, அவர் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்த்துப் பார்த்துக் கற்பிக்கும் இவ்வேலை, சத்திர சிகிச்சைக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து. ஆயினும் சத்திர சிகிச்சைக்குள்ள மதிப்பும் ஊதியமும் இதற்கு உலகில் எங்கும் கிடைப்பதில்லை. தையலும் கைபிடியும் சிறு விஷயங்களென்று நாம் எண்ணுகிறோம் போலும்.

இனி, இக்கட்டுரையின் மையப் பிரச்சினைக்கு வருவோம். பம்பி பொருத்தும் வைத்தியசாலைகளிற் பெரும்பாலானவை ஒரு நிபந்தனை விதிக்கின்றன: நோயாளியுடன் பயிற்சி பெற்ற ஒருவர் இருத்தல் வேண்டும், முதற் சில வாரங்களேனும் இரவும் பகலும் இருத்தல் வேண்டும். நிபந்தனை காரணமற்றதன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் உடனே மாற்றுப்பெட்டி பூட்ட வேண்டும். குருதியோட்டம் தளரும் அத்தருணத்தில் நோயாளி மயங்கிவிடக் கூடும். அபாய ஒலி கேட்டு ஓடிவர ஒருவர் இல்லையேல் விலையுயர்ந்த இயந்திரமும் அதனினும் உயர்ந்த உயிரும் ஒருங்கே அழியும். இதை எண்ணி அஞ்சும் வைத்தியரைக் கொடியவர் என்று கூற முடியாது.

ஆனால் நிபந்தனையின் மறுபுறத்தைப் பாருங்கள். அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் மனைவி, இல்லையேல் மகள். அவர் வேலையை விட்டாரா, அவர் உறங்கினாரா என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. அவருக்குச் சம்பளமில்லை. வைத்தியசாலை அவரை ஒரு சிகிச்சைக் கருவியாகவே எண்ணிக் கொள்கிறது. பம்பிக்கு விலை உண்டு, பற்றரிக்கு விலை உண்டு, இக்கருவிக்கு மட்டும் விலையில்லை. அன்பினால் செய்யப்படுவதற்குக் கூலி பேசுவது இழிவு என்று நம்மவரும் சொல்வர். அன்பைக் கூலிக்கு வாங்க முடியாது என்பது மெய்யே. ஆனால் அன்பின் பேரால் உழைப்பை இலவசமாக வாங்கலாம் என்பது அதிலிருந்து எவ்வாறு பெறப்படும்? அத்தகைய உறவு எவரும் இல்லாதவனுக்கு, அதாவது தனித்து வாழும் விதவைக்கும், ஊர்விட்டு ஊர் வந்த தொழிலாளிக்கும், பிள்ளைகள் வெவ்வேறு நகரங்களிற் கூலிக்கு உழைக்கும் முதியவருக்கும், பம்பி மறுக்கப்படலாம். உறவு என்பதும் ஒரு சொத்தாகிவிடுகிறது. அது இல்லாதவன் உயிருக்கு விண்ணப்பிக்கும் தகுதியை இழக்கிறான்.

இத்தகைய தெரிவு வரலாற்றுக்குப் புதிதன்று. 1960களின் தொடக்கத்தில் சியற்றில் நகரில் செயற்கைச் சிறுநீரகம் சிலருக்கே கிடைக்கக் கூடியதாயிருந்தபோது, யார் வாழ்வது என்று தீர்மானிக்க எழுவர் அடங்கிய குழு அமைக்கப்பட்டது. வருமானம், குடும்பப் பொறுப்பு, கோயிற் பணி முதலியனவும் அங்கே கருதப்பட்டன. 1962இல் ஒரு சஞ்சிகை இதை வெளிப்படுத்தியபோது அமெரிக்க மனச்சாட்சி அதிர்ந்தது. பத்தாண்டு கழித்து, 1972இல், சிறுநீரக நோயாளரின் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் சட்டம் நிறைவேறியது. அத்தகைய குழுவுக்குத் தேவை அற்றுப்போயிற்று. மனிதனின் சமூகப் பெறுமதியை அளந்து உயிர் வழங்குவது தவறு என்று அன்று ஒப்புக் கொள்ளப்பட்டது. ஆனால் ‘இரவில் உன்னோடு யார் இருப்பார்?’ என்ற வினாவிலே அக்குழு மறுபடி வந்து அமர்ந்திருக்கிறது. அதன் முகம் கனிவானது. அதன் காரணம் பாதுகாப்பு. ஆயினும் வடிகட்டப்படுபவர்கள் அதே தனியர்களும் வறியர்களுமே.

அதே 1972ஆம் ஆண்டு, அதே மேற்குக் கரையில், இப்பிரச்சினைக்கு விடை தரத்தக்க வேறொரு காரியமும் நடந்தது. எட் ரொபேட்ஸ் என்பவர் 14ஆம் வயதில் போலியோவினால் கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முற்றாகச் செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் பொறிக்குள்ளே படுத்தாலன்றி அவரால் மூச்சுவிட முடியாது. 1962இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திற் சேர்ந்த அவருக்கு அப்பொறியை வைக்க விடுதி இல்லை. வளாக வைத்தியசாலையிலேயே தங்கிப் படித்தார். அவரைப் போன்ற மாணவர்கள் ஒன்றுகூடித் தமக்கு வேண்டிய உதவியாளரைத் தாமே தெரிந்து, தாமே பயிற்றி, வேண்டாதபோது தாமே விலக்கினர். அவ்வனுபவத்திலிருந்து 1972இல் சுதந்திர வாழ்வுக்கான நிலையம் பேர்க்லியில் எழுந்தது. வேலைக்கு உதவாதவர் என்று தம்மை ஒருகாலத்திற் கழித்த மாநிலப் புனர்வாழ்வுத் திணைக்களத்துக்கே ரொபேட்ஸ் 1975இல் தலைவராக நியமிக்கப்பட்டார்.

தம் மூச்சையும் தாமே விட இயலாத ஒருவர் சுதந்திர வாழ்வு இயக்கத்தின் முன்னோடியானார் என்பது முரண்போலத் தோன்றும். அம்முரணிலேதான் உண்மை இருக்கிறது. சட்டையைத் தானே மாட்ட இரண்டு மணி நேரம் போராடிக் களைத்து வீட்டிலேயே கிடப்பவனைக் காட்டிலும், உதவியாளர் பதினைந்து நிமிடத்தில் மாட்டிவிடத் தொழிலுக்குப் போகிறவன் சுதந்திரமானவன் என்றனர் அவ்வியக்கத்தினர். எதைத் தன் கையாற் செய்கிறான் என்பதன்று, எது எப்போது எவரால் செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவன் யார் என்பதே கேள்வி. கட்டு மாற்றும் கை மகளுடையதாகவோ ஊதியம் பெறும் உதவியாளருடையதாகவோ இருக்கலாம். காலை ஏழு மணிக்கா பத்து மணிக்கா என்று சொல்லும் வாய் நோயாளியுடையதாய் இருத்தல் வேண்டும். அவர் ஒற்றைக் கையராயின் தமது கருவியின் ஒவ்வொரு இணைப்பையும் மனத்தால் அறிந்திருந்து, இதைக் கழற்று, இதைத் தொடாதே என்று உதவியாளரை நடத்தக் கூடியவராய் இருப்பாராயின், கை இல்லாதது அவரது சுதந்திரத்தில் மிகச் சிறிதையே குறைக்கும். நோயாளிக்கு அளிக்கும் பயிற்சியும் இதற்கேற்ப மாறவேண்டும். செய்யக் கற்பிப்பதோடு, செய்விக்கவும் கற்பித்தல் வேண்டும்.

இதற்கு எதிராக, ஆபத்தைப் பற்றி ஒன்று சொல்லப்படும்: தனித்து வாழ விடுவது அவரைச் சாக விடுவதற்குச் சமம் என்பர். ஆபத்து இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் பம்பியற்ற நிலையில் அவருக்குள்ள ஆபத்து என்ன? 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதை மேலே கண்டோம். தனிமை அபாயமானது என்று சொல்லி, அதனினும் கொடிய அபாயத்துக்கு ஒருவரை அனுப்பி வைப்பதைப் பாதுகாப்பு என்று எவ்வாறு பெயரிடுவது? ஆபத்தை அறிந்து, எண்ணி, ஏற்றுக்கொள்ளும் உரிமை மற்றெல்லா மனிதருக்கும் உண்டு.

மேலும், பாதுகாப்பு என்பது வீட்டுக்குள் மட்டும் இருக்கும் ஒன்றன்று. 2019 ஒக்ரோபரில் காட்டுத்தீ அச்சத்தினால் வட கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டபோது, மூச்சுப் பொறியையும் பம்பியையும் நம்பியிருந்தோர் என்ன செய்வர் என்று அங்குள்ள இயலாதோர் அமைப்புகள் குரலெழுப்பின. நமக்கும் இது விளங்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 17 மணி நேரப் பற்றரியை ஏற்ற எஞ்சிய 11 மணி நேரத்தை நம்பி வாழ்வதை எண்ணிப் பாருங்கள். அவ்வேளையில் மனைவி எவ்வளவு அன்புடன் அருகிருந்தும் பயன் என்ன? சொந்தக் காலில் நிற்பதாக மார்தட்டும் திடகாத்திரனும் அதே மின்கம்பியிலும், அதே குடிநீர்க் குழாயிலும், தான் காணாத ஆயிரம் பேரின் உழைப்பிலும் சாய்ந்தே நிற்கிறான். அவன் சார்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பி நோயாளியினது இடுப்பில் தொங்குகிறது. வேற்றுமை அவ்வளவே.

ஆகவே, பராமரிப்பு வேண்டும் என்ற வைத்தியரின் கோரிக்கையை நான் ஏற்கிறேன். அதை அனுப்பும் முகவரியே பிழையானது. அது நோயாளியின் குடும்பத்துக்கன்று, சமுதாயத்துக்கு அனுப்பப்பட வேண்டியது. இயலாதோர் சமூகத்தின் நடுவே சுதந்திரமாக வாழவும், அதற்கு வேண்டிய ஆள் உதவியைப் பெறவும் உரித்துடையோர் என்று 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 2016இல் அதனை ஏற்று உறுதி செய்தது. அமெரிக்காவோ ஒப்பமிட்டும் இன்னும் உறுதி செய்யவில்லை.

எனினும் ரொபேட்ஸின் கலிபோர்னியாவில், வறியோருக்கு வீட்டுக்கு வந்து உதவுபவரின் ஊதியத்தை அரசு செலுத்தும் திட்டம் நெடுங்காலமாக நடைபெறுகிறது. உதவியாளரை நோயாளியே தெரிந்து கொள்கிறார். அவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பினும் கூலி உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கட்டு மாற்றுதல் போன்ற வேலைகளையும் அவ்வுதவியாளர் செய்யலாம். நான் அறிந்தவற்றுள் நமது வினாவுக்கு மிக அண்மையில் வரும் ஏற்பாடு இதுவே. ஆயின் அதன் விதிகளில் இரண்டைக் கவனித்தல் வேண்டும். மிகக் கடுமையாக இயலாதவருக்கும் மாதம் 283 மணி நேரத்துக்கு மேல் ஊதியமில்லை. மருத்துவ அவசரம் ஏதும் நேரக்கூடும் என்று எதிர்பார்த்து அருகிருந்து கண்காணிப்பது, அவ்விதிகளின்படி, கூலிக்குரிய வேலையாகக் கணக்கிடப்படுவதே இல்லை. வைத்தியசாலை நிபந்தனையாகக் கேட்பது துல்லியமாக அந்த வேலையைத்தான். முப்பது நாள் மாதமொன்றில் 720 மணி நேரம் உண்டு. எஞ்சும் 437 மணி நேரத்திற் பெரும்பகுதி இரவு.